தெரிந்தவர் யாராவது

கடைசி வரிசையில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்த கணவனைப் பார்க்கப் பார்க்க ஷீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சார்ட் மாட்டும் ஸ்டாண்டுகளை இறக்கிவைத்துவிட்டு உடனே கிளம்பிவிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். டெனிஸ் கேட்டால்தானே.

"நீ மைக்ல பேசி நான் பார்த்ததே இல்ல ஷீலா" என்று சட்டமாக உட்கார்ந்துவிட்டான்.

இரும்புலியூரில் அவள் வேலை பார்க்கும் பள்ளியில் அன்று பெற்றோர் கூட்டம். படிக்கும்போது எழுத்துகள் குழம்பிப்போகிற டிஸ்லெக்சியா பற்றி ஷீலா மிஸ்தான் பேச்சாளர். மேடையை ஒட்டி வரிசையாகச் சார்ட்டுகள். டிஸ்லெக்சியாவோடு பிறந்து பேர் வாங்கிய எழுத்தாளர்கள், விஞ்ஞானிகள், நடிகர்கள். முதல் சார்ட்டில் அவளே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: 'இதில் வெட்கப்பட எதுவுமில்லை.'

"தயவுசெஞ்சு மறைக்காதீங்க. மறைக்கிறதுதான் நாம பண்ற பெரிய துரோகம்" என்று முடித்தாள். நல்ல கைதட்டல்.

ஸ்ரீவித்யா என்கிற அம்மா எழுந்தாள். பக்கத்தில் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் சின்மயி, தலை நிமிராமல்.

"மிஸ், நீங்க சொன்னவங்க எல்லாம் எங்கயோ இருக்கிற பெரிய ஆளுங்க. இவ நம்ப மாட்டேங்கறா. கிளாஸ்ல வாசிக்கறப்போ எல்லாரும் சிரிச்சிட்டாங்களாம், இனிமே ஸ்கூலுக்கே போகமாட்டேன்னு ஒரே அடம். நம்ம ஊர்லயே, உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்களேன். இவளுக்கு ஒருதடவை காட்டிட்டு வந்துடறேன்."

ஷீலாவின் கண் தன்னால் கடைசி வரிசைக்குப் போனது.

டெனிஸ் போனைப் பையில் போட்டுவிட்டுப் பாதி எழுந்திருந்தான்.

பத்தாவதோடு நின்றவன். இன்றைக்குத் திருமுடிவாக்கத்தில் சொந்தப் பட்டறை. அவன் கடைந்து கொடுக்கும் பாகங்களுக்குக் கார் கம்பெனிக்காரர்கள் காத்துக்கிடக்கிறார்கள். ஆனால் பேப்பரில் நாலு வரி படிப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிடும். ஸ்டாஃப் ரூமில் அவனை இன்ஜினியர் என்று சொல்லிவைத்திருந்தாள் ஷீலா. சர்ச்சில் வேதபாடம் வாசிக்கக் கூப்பிட்டால், "அவருக்குத் தொண்டை சரியில்ல" என்று இவளே முந்திக்கொள்வாள்.

பக்கத்தில் தலைமையாசிரியை சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்.

"சாரிம்மா. எனக்குத் தெரிஞ்சு அப்படி யாரும் இல்ல" என்றாள் ஷீலா.

டெனிஸ் மெதுவாக உட்கார்ந்தான். மறுபடியும் போனை எடுத்துக்கொண்டான்.

கூட்டம் முடிந்து, தலைமையாசிரியை அறையில் டீயும் சமோசாவும் வந்தன. "பிரமாதம் ஷீலா" என்று ஆளாளுக்குப் பாராட்டினார்கள். அவன் முகத்தில் எப்படி முழிப்பது? திட்டினால்கூடத் தேவலை. திட்ட மாட்டான், அதை நினைத்தால்தான் உடம்பெல்லாம் கூசியது.

டீயை அப்படியே வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தாள். வாசல் தாண்டியதும் கால் நின்றுவிட்டது.

எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். முதல் சார்ட்டுக்கு முன்னால் அந்த அம்மாவும் மகளும் மட்டும். நடுவில் டெனிஸ், எழுத்துக்கு அடியில் விரலை வைத்து, வியர்க்க வியர்க்க வாசித்துக்கொண்டிருந்தான்.

"இதில்... வெக்... வெட்... வெட்கப்பட... எ..."

சின்மயி சிரிக்கவில்லை. அவளும் விரலைக் கொண்டுபோய் வைத்தாள். இரண்டு பேருமாகத் தட்டுத்தடுமாறி அந்த வரியை முடித்தார்கள்.

"அங்கிள், உங்களுக்குமா?"

"எனக்கும்தான். இன்னும் இந்த எழுத்துங்க எங்கிட்ட ஒழுங்கா நிக்கறதில்ல. ஆனா என் பட்டறையில அத்தனை மெஷினும் நான் சொன்னா நிக்கும். திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போயிட்டு, சாயங்காலம் அம்மாவோட வா. காட்டறேன்."

சின்மயி தலையை ஆட்டினாள். ஸ்ரீவித்யா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப தேங்க்ஸ் சார். ஆனா மிஸ் யாருமே இல்லன்னு சொன்னாங்களே?"

ஷீலா சட்டென்று கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"அவங்க மேல தப்பில்லம்மா" என்றான் டெனிஸ். "நான் அவங்க வீட்டுக்காரன்தான். கல்யாணமான நாள்லேருந்து இத அவங்ககிட்ட மறைச்சு வச்சிருக்கேன். நீங்களும் சொல்லிடாதீங்க."