மோல்மீன் பாட்டு

வியாசர்பாடியில் பவளம் இறந்த அன்று, பெண்கள் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் தங்கை செல்லக்கனி பிணத்தின் காலடியில் இருந்தாள். இருவரும் பர்மாவில், மோல்மீன் நகரத்தில் பிறந்து, சிறுமிகளாகக் கப்பலேறி வந்தவர்கள். ஒப்பாரி சற்று ஓய்ந்தபோது செல்லக்கனி பர்மியப் பாட்டொன்றை எடுத்தாள். ஆற்றில் விளக்குகள் மிதக்கும் திருவிழாவையும், கன்னத்தில் மரப்பட்டைக் குழம்பு பூசிய பெண்களையும், குன்றின்மேல் மின்னும் பொற்கோபுரத்தையும் புகழும் பாட்டு அது.

"சாவு வூட்ல இன்னாம்மா பாட்டு?" என்று யாரோ அதட்டினார்கள்.

பவளத்தின் மகள் செண்பகம் அருகில் வந்தாள். "சித்தி, அம்மா ஒருநாளும் இதப் பாடினதில்லையே."

"உங்க முன்னால பாட மாட்டா. இங்க பொறந்த புள்ளைங்களுக்கு அந்த ஏக்கம் எதுக்குன்னு சொல்லுவா. நாங்க ரெண்டு பேரும் தனியா இருந்தா பாடுவோம். ஓரடி நான், ஓரடி அவ."

செல்லக்கனி தன் அடியை மறுபடி பாடினாள். பாடிவிட்டு, வழக்கம்போல அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கூடத்தில் ஒருவரும் அழவில்லை. எல்லோரும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.