மூடிய கைக்குள் மோதிரம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. சிங்கத்துக்குச் சட்டை அளவெடுத்ததாக நான் சொல்லித் திரிகிற கதையை நீங்கள் நம்ப வேண்டாம். அதை நானே பாதிதான் நம்புகிறேன். இது வேறு.

என் மகளும் ஒரு பையனும் விரும்பினார்கள். பையனின் அம்மா எங்களைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. கணவர் காலமாகிவிட்டார்.

"அப்பா, இன்னிக்கு ஒருநாள் வித்தை வேண்டாம்ப்பா," என்றாள் மகள். "அவங்களுக்கு நம்மளைப் பிடிக்கலைன்னா எல்லாம் இதோட முடிஞ்சுது."

"நான் வாயே திறக்க மாட்டேம்மா."

"வாயை யாரு சொன்னா? கையைச் சொல்றேன்."

நான் தையற்காரன்; ஆள் கிடைத்தால் மாயவித்தையும் காட்டுவேன். வாடிக்கையாளர் ஒருவர் வாங்காமலே விட்டுப்போன கோட்டை மாட்டிக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மா பையனோடு வந்தார். வந்ததும் ஜன்னல் திரையைப் பார்த்தார்.

"ஒரு பக்கம் இறங்கியிருக்கே. நீங்க தைச்சதா?"

அதற்கப்புறம் என் மனைவி பிஸ்கட் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. என் கை நமநமவென்றது.

"உங்க மோதிரத்தைக் கொஞ்சம் கொடுங்களேன்," என்றேன்.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது என் வீட்டுக்காரர் எனக்குப் போட்ட மோதிரம்," என்றார் அந்த அம்மா. யோசித்தார். பிறகு கழற்றிக் கொடுத்தார்.

ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். என் கைக்குட்டையின் ஓர மடிப்புக்குள் ஒரு பித்தளை வளையத்தை வைத்துத் தைத்திருப்பேன். வாங்கின மோதிரம் என் கோட்டுப் பைக்குப் போய்விடும். மோதிரம் என்று நினைத்து, துணிக்கு மேலே பையன் பிடித்துக்கொண்டிருப்பது அந்தப் பித்தளையை. கைக்குட்டையை உருவி உதறினால் மோதிரம் மாயம். அப்புறம் பையிலிருந்து எடுத்து, பையனின் காதுக்குப் பின்னாலிருந்து வரவழைக்க வேண்டும்.

உதறினேன். மாயம். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

கோட்டுப் பைக்குள் கைவிட்டேன். அங்கேயும் மாயம்.

அடுத்த பை. சட்டைப் பை. நாற்காலிக்கு அடியில். "வரும், வரும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வியர்வைதான் வந்தது.

"அப்பா," என்றாள் மகள். குரல் உடைந்திருந்தது.

அப்போது அந்த அம்மா, என் காலருகே திறந்து கிடந்த தன் கைப்பைக்குள் கையை விட்டார். மூடிய கையை எடுத்து எல்லாருக்கும் முன்னால் ஆட்டினார்.

"இதோ இருக்கு. என் பையிலேயே போட்டுட்டாரே மனுஷர். நீங்க பெரிய கைகாரர்தான்." கையைத் திரும்பப் பைக்குள் விட்டு, பையைச் சரக்கென்று மூடினார். "இனிமே விரல்ல போட மாட்டேன்ப்பா. மறுபடி பிடுங்கிடுவீங்க."

கைதட்டல். நான் எழுந்து வணங்கினேன். பதற்றத்தில் கோட்டுப் பை என்று நினைத்து அவர் பைக்குள் போட்டிருக்கிறேன் என்று எனக்கு மட்டும் தெரியும். அதிர்ஷ்டத்தைத் திறமை என்று சொல்லிக்கொள்ள எனக்கென்ன வலிக்கிறதா?

கல்யாணம் நடந்தது. பதினோரு வருஷமாக இந்தக் கதையை நான் சொல்லாத வீடு இல்லை. அவர் விரலோ அன்றிலிருந்து மொட்டை. "சம்பந்தியம்மா மோதிரத்தைப் பூட்டி வெச்சுட்டாங்க. போட்டா தேய்ஞ்சுடுமாம். மகா கஞ்சம்," என்று முடித்துச் சிரிக்க வைப்பேன். அவரும் கூட உட்கார்ந்து சிரிப்பார்.

போன வாரம் பேத்தி கோட்டு கேட்டாள். அவளுக்குத் தைக்க, அன்று மாட்டியிருந்த அந்தப் பழைய கோட்டைப் பிரித்தேன். ஊருக்கெல்லாம் பை தைத்தவன், என் பையின் மூலையில் நாலு தையல் போடாமல் விட்டிருந்தேன். உள்துணியின் அடி மடிப்பிலிருந்து மோதிரம் உருண்டு வந்தது.

எடுத்துக்கொண்டு ஓடினேன். நீட்டினேன்.

சம்பந்தியம்மா அதை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ அன்னிக்கு உங்க கைக்குள்ள என்னதான் இருந்துச்சு?" என்றேன்.

"இருமல் மிட்டாய்."

"ஏங்க? அவர் போட்ட மோதிரமாச்சே."

"உங்க பொண்ணு முகத்தைப் பார்த்தேன். மோதிரம் போனா போகட்டும், அந்தப் பொண்ணு போயிடக் கூடாதுன்னு தோணுச்சு." மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டார். "யாராவது கேட்டா, கஞ்சத்தனம் விட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்க சம்பந்தி."

அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆகவே இந்த மிட்டாய் விஷயம் உங்களோடு இருக்கட்டும். மீறி வெளியே வந்தால், நான்தான் சொன்னேன் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.