கண்ணாடிக்காரி

"கார்ல போறவளுக்கு பஸ் பயணிகள் சங்கத்துல என்னக்கா வேலை?"

கேட்டுக்கொண்டே இஸ்திரிப் பெட்டியைக் காலரின் மேல் ஓங்கி அழுத்தினாள் அவள். பக்கத்து மேசையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த அக்கா சிரித்தாள்.

"மெதுவாடி. அந்தச் சட்டை உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? சந்தா கட்டினா யார் வேணா சேரலாம்."

"அப்ப நானும் சேருறேன்."

"இத்தனை நாள் தொண்டைத் தண்ணி வத்தக் கூப்பிட்டேன். 'கூட்டத்துக்கெல்லாம் வரமாட்டேன்க்கா, கூச்சமா இருக்கு'ன்னே. இப்ப எங்கிருந்துடி வந்துச்சு தைரியம்?"

அவள் சட்டையைப் புரட்டிப்போட்டு மறுபக்கம் தேய்த்தாள். காரணத்தைச் சொன்னால் வயிற்றெரிச்சல் வெளியே தெரிந்துவிடும்.

எரிச்சல் ஒன்றும் சும்மா வரவில்லை. அவள் தெரு முனை வளைவில் பஸ் நிற்காது. தாண்டிப் போய் அடுத்த நிறுத்தத்தில்தான் இறக்கிவிடும். வேலை முடிந்து பகல்நேரக் காப்பகத்திலிருந்து கூட்டி வந்த பிள்ளை தோளில் தூங்க, பை ஒரு பக்கம் இழுக்க, வந்த வழியே திரும்பி நடக்க வேண்டும். சொல்லி வைத்த மாதிரி அந்த நேரத்துக்குத்தான் மாடி வீட்டுக் கார் அவளைக் கடந்து போகும். பின் சீட்டு காலியாகவே இருக்கும். முன்னால் புருஷன் ஓட்ட, பக்கத்தில் அந்த அம்மா. மழை கொட்டினாலும் கண்ணாடி இறங்காது, தலை திரும்பாது.

'கண்ணாடிக்காரி' என்று பேர் வைத்தவளே இவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நூலகத்து மாடியில் நடந்தது. கண்ணாடிக்காரி ஒரு தடிப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"படிச்சவளாம்! ஊருக்குக் காட்டணும்ல" என்று அக்காவின் காதைக் கடித்தாள் இவள்.

செயலாளர் ஓய்வு பெற்ற கண்டக்டர். பழக்கம் போகவில்லை. "உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி எவ்வளவு இடம் கிடக்கு!" என்று எல்லோரையும் நெருக்கி உட்கார வைத்தார்.

"வளைவுல பஸ் நிக்கணும்னு கேட்டிருந்தோமில்ல? அதிகாரி நேர்ல வந்து பேசச் சொல்லிட்டார். இந்தக் கோரிக்கையை முதல்ல கிளப்பினதே நம்ம மேடம்தான்" என்று கண்ணாடிக்காரியைக் காட்டினார். "அவங்களைத் துணைச் செயலாளரா போட்டு அனுப்பிடலாமா?"

இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடந்து தேய்ந்தது என் செருப்பு. பேர் மட்டும் அவளுக்கா?

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"பஸ் படியில கால் வைக்காதவங்களுக்குப் பதவி எதுக்கு சார்? வளைவு எந்தப் பக்கம்னாவது தெரியுமா அவங்களுக்கு?"

கொல்லென்று சிரித்தார்கள். கண்ணாடிக்காரியின் முகம் சுண்டிப்போனது.

"அவங்க சொல்றது நியாயம்தான். அவங்களையே அனுப்புங்க. அவங்க பேசினாதான் எடுபடும்" என்றாள் செயலாளரிடம்.

கீழே தெருவில் ஹார்ன் நீளமாக அலறியது. கண்ணாடிக்காரி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள்.

ஜெயித்தும் இவளுக்கு ஆறவில்லை. பின்னாலேயே போனாள்.

"நில்லுங்க. மழையில பிள்ளையோட நனைஞ்சுக்கிட்டு நடந்தேனே, ஒரு நாள் நிறுத்தி ஏத்தியிருந்தா உங்க கார் என்ன தேஞ்சா போயிருக்கும்?"

படியில் நின்றாள் கண்ணாடிக்காரி. ஹார்ன் வந்த பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இங்க வர்றதே அவருக்குத் தெரியாதும்மா. புத்தகம் மாத்தப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வர்றேன். அந்தக் கார்ல கண்ணாடியை இறக்கணும்னாகூட அவரைக் கேக்கணும். உன்னை ஏத்திக்கலாம்னு ஒரே ஒரு தடவை சொன்னேன். அதோட சரி. அன்னைக்கு வாங்கினதுக்கு அப்புறம் உன் பக்கம் திரும்பிப் பாக்கவும் பயம்."

மறுபடியும் ஹார்ன். இரண்டு படி இறங்கியவள் திரும்பினாள்.

"காரை நிறுத்தச் சொல்ல என்னால முடியலை. பஸ்ஸையாவது நிறுத்தச் சொல்லுவோம்னுதான் சங்கத்துல சேர்ந்தேன்."