கழுதைக்குப் பயந்த சூப்பர்ஹீரோ

நேற்று பல் வைத்தியரின் ஊசியைக் கண்டு ஓட்டம் பிடித்தாயிற்று. இன்றாவது சொத்தைப் பல்லைப் பிடுங்கியாக வேண்டும். முறை வரும்வரை ஏழு வயது நிஸ்லா தன் வாப்பா அபூசாலிக்குக் கதை விட்டாள். படகு எஞ்சினைத் தனியாளாகத் தோளில் சுமக்கும் அவருக்கு அந்தக் கதை இளக்காரமாக இருந்தது.

“எங்கட சூப்பர்ஹீரோ மன்னார்ப் பாலத்தையே ஒரு கையால தூக்குவார், வாப்பா.”

“எல்லாம் ஏலுமெண்டா பிறகென்ன கதை? கொட்டாவிதான் வருது.”

“ஆனா கழுதையக் கண்டா ஓடிருவார்.”

“தூ! மன்னாரில பாண் வாங்கப் போறதெண்டாலும் நாலு கழுதையைத் தாண்டோணும். இவனெல்லாம் ஒரு ஹீரோ! வீட்டுக்குள்ள போர்த்திக்கொண்டு படுக்கச் சொல்லு.”

“பயம் இருந்தாத்தானே வாப்பா கதை! இப்ப நடு ரோட்டில கழுதை நிக்குது. அவர் அங்கால போகத்தான் வேணும். என்ன செய்வார், சொல்லுங்கோ பாப்பம்?”

“ஓடுவான், பேயன்!” என்றாலும் அவர் காதைத் தீட்டிக்கொண்டார்.

அப்போது கதவு திறந்தது. “நேற்று ஓடின ஆள் வாங்கோ,” என்று தாதி சிரித்தாள்.

நிஸ்லா எழுந்து, வாப்பாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்க் கதிரையில் இருத்தினாள். “பயப்படாதீங்கோ, நான் பக்கத்தில நிக்கிறன்.”

அபூசாலி கண்களை இறுக மூடிக்கொண்டார்.

“மகள், கழுதை போயிட்டுதா?”