சாட்சியின் குரல்

பிறவியிலேயே பேச வராத ஞானதுரைக்கு, எழுத்தைத் தொட்டால் பேசும் மென்பொருள்தான் பத்து வருடமாகக் குரல். அது தங்கள் காப்புரிமையைத் திருடிச் செய்தது, தடைசெய்ய வேண்டும் என்று வேறொரு கம்பெனி வழக்குப் போட்டிருந்தது. அது தன்னிடமே இருக்கட்டும் என்று கேட்கத்தான் அவன் சாட்சிக் கூண்டில் ஏறினான்.

“மை லார்ட், இவர் வாயைத் திறந்தாலே எங்க காப்புரிமையை மீறுறார்,” என்றார் அந்தக் கம்பெனி வக்கீல்.

“பின்ன எப்படிப் பேசுவாராம்?” என்றார் நீதிபதி.

“எங்களோடதுல பேசட்டும். இலவசமாவே தர்றோம்.”

வக்கீல் நீட்டிய புது டேப்லெட்டை வாங்கிய ஞானதுரை, எழுத்துகளைத் தேடித் தேடித் தொட்டு, பின்வரிசையில் இருந்த மனைவியைத் தான் மட்டும் கூப்பிடும் செல்லப் பெயரால் அழைத்தான்.

“சுகி.”

பழைய குரலைவிடத் தெளிவான, அழகான குரல். சுகுணா முகம் சுளித்து, யார் அது என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.