புகார்ப் பெட்டியின் வாசல்

“உள்ள உயிரோடதான் இருக்கு, அக்கா. கூப்பிட்டா பதில் சொல்லுது. வாசல்தான் திறக்க மாட்டேங்குது.”

கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு அந்தப் பொறியாளர் பெண் பேசியதைக் கேட்டவர்கள், யாரோ அறைக்குள் சிக்கிக்கொண்டார் என்றே பதறியிருப்பர். சிக்கியது ஆளன்று, ஒரு செயலி. ஆடை ஆலையின் மாடியில், மூன்று பழைய கணினிகளைக் கோத்த கிளஸ்டரில், கண்டெய்னர் என்னும் காணாப் பேழைக்குள் ஓடிக்கொண்டிருந்தது அந்தப் ‘புகார்ப் பெட்டி’.

அவளுடைய கணினியில் தட்டினால் பளிச்சென்று விரிந்தது. கீழ்த்தளத்தில் தைக்கும் பெண்களின் கைபேசியில் தட்டினாலோ வெறும் வெள்ளைத் திரை. வாய்கள் நானூறு, வாசல் ஒன்று, அந்த ஒன்றும் அடைப்பு!

“மூணு நாளா இதையேதான்டி சொல்றே. வேலை நேரத்துல பின்கதவைப் பூட்டியே வைக்கிறாங்க. தீப்பிடிச்சா நாங்க என்ன, ஜன்னல் வழியா பறக்கிறதா? எல்லாம் எழுதி வெச்சுட்டேன். நீ திறந்ததும் முதல் புகார் என்னுதுதான்.”

அக்கா கீழே முப்பத்திரண்டாம் எந்திரத்தில் தைப்பவள். போன மாதம் இதே கேள்வியை வாய்விட்டுக் கேட்ட ஒருத்தி, மறுநாளே வேலையிழந்தாள்.

“பேரு கேக்காதுல்ல?”

“கேக்காதுக்கா. பேரு போடக் கட்டமே கிடையாது.”

செயலியை எழுதியவர்கள் வெளியார். அதற்கு வாசல் அமைப்பது மட்டுமே இவள் பணி. முதல் நாள் அது அரைமணி நேரம் திறந்துதான் இருந்தது. சோதனைக்காக அலுவலகத்தார் இருபது பேரும் ஆளுக்கொரு புகாரைத் தட்டிவிட்டார்கள். ‘குடிநீர்க் குழாயில் துரு’ என்று இவளும் தட்டினாள். சற்று நேரத்தில் மேலாளர் வந்து, “குழாய்த் துருன்னு புகார் போட்டது நீதானேம்மா? கெட்டிக்காரி!” என்று சிரித்துவிட்டுப் போனார்.

அன்று அடைத்துக்கொண்டதுதான். அவள் திறந்து வைத்த வாசல், தேநீர் குடித்துத் திரும்புவதற்குள் மூடிக் கிடந்தது. மீண்டும் திறந்தாள், மீண்டும் மூடியது. கண்கள் எரிந்தன, கழுத்து கல்லாய்க் கனத்தது. பிழை தன்னுடையதுதான் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

எதிர் நாற்காலியில், மோவாய் மார்பைத் தொட, கிளஸ்டரைப் பராமரிப்பவர் சாய்ந்திருந்தார். ஆலை முழுக்க அவருக்குத் ‘தூங்குமூஞ்சி’ என்றே பெயர். “மெஷினுக்கும் அலுப்பு தட்டும்மா. நாளைக்குப் பாத்துக்கலாம்” என்பதைத் தவிர, மூன்று நாளில் அவர் உதிர்த்த சொல் வேறில்லை.

இன்றுதான் அவளுக்குப் பொறி தட்டியது. கிளஸ்டருக்கு ஒரு மூலக் கோப்பு உண்டு. கையால் எதை மாற்றினாலும், அந்தக் கோப்பைப் பார்த்துப் பழையபடி ஆக்கிவிடுவது அதன் வழக்கம். திறக்க வேண்டியது வாசலையன்று, கோப்பை!

திறந்தாள். ‘வெளிவாசலை அடை’ என்றொரு கட்டளை அங்கே சட்டமாய் உட்கார்ந்திருந்தது. அருகில் தேதி, நேரம், எழுதியவர் பெயர். முதல் நாள். தூங்குமூஞ்சி.

களைப்பெல்லாம் கனலாயிற்று. “அண்ணா! மூணு நாளா என்னை முட்டாளாக்கினது நீங்கதானா? நானூறு பேரோட வாயை அடைக்க எப்படி மனசு வந்துச்சு? யாருக்கு வால் பிடிக்கிறீங்க?”

அவர் மறுக்கவில்லை. “ஆமா. நான்தான் அடைச்சேன்” என்றார், தலை நிமிராமலே.

மறுமொழி எதற்கு? அந்த வரியை அவள் அழித்தாள். வாசல் திறந்தது. கைபேசியில் அக்காவின் குரல் துள்ளியது. “அடியே, வந்துடுச்சு! அனுப்பட்டுமா?”

நடந்தே பார்த்தறியாத தூங்குமூஞ்சி பாய்ந்தார். கிளஸ்டரின் இணைப்புக் கம்பியைப் பிடுங்கினார். அந்தக் கண்களை அவள் அப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தாள். தூங்கி வழிந்த கண்களல்ல, தூக்கமே அறியாத கண்கள்.

“நீ யாரு பக்கம்னு தெரியாமத்தான் இத்தனை நாளா சொல்லல” என்றார், மூச்சு வாங்க. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“பேரே போடாத உன் புகாரை, உன்னுதுன்னு மேலாளர் எப்படிம்மா கண்டுபிடிச்சாரு?”