தலைவர் வெளியே இருக்கிறார்

"மச்சான், உள்ளே கூட்டம் நடக்குது. நீங்க இங்க உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துட்டு இருக்கீங்க."

ஆஸ்பத்திரி மாடியில், மூடிய கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் கமிட்டித் தலைவர். இறந்தவர்களின் குடும்பம் தானமாகத் தரும் சிறுநீரகம் யாருக்கு முதலில் போக வேண்டும் என்று உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளுக்கே முதலிடம் என்று முடிவானால், காத்திருக்கும் பெரியவர்கள் எல்லாரும் பின்னால் போய்விடுவார்கள். தலைவரின் தங்கையும்தான்.

தங்கையின் கணவருக்குப் பொறுக்கவில்லை.

"வீட்டு ஆளுக்குக் கிட்னி வியாதி இருந்தா கூட்டத்துல உட்காரக் கூடாது, மாப்பிள்ளை. அது விதி."

"எந்தப் புண்ணியவான் போட்டது?"

"நான்தான்."

மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார்.

"ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழற ஆளை ஆஸ்பத்திரி கமிட்டிக்குத் தலைவராப் போட்டாங்களே, அவங்களைச் சொல்லணும். உள்ளே சரிபாதியா பிரிஞ்சு நிக்கறாங்களாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். என் கிட்னி அவளுக்குச் சேராதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார். இதை விட்டா வேற வழி ஏது?"

"வரிசையில நிக்கற குழந்தைங்களுக்கு மாமா யாரும் கமிட்டியில இல்லையே."

"நல்லா பேசறீங்க. கூடப் பிறந்தவளை விட உங்களுக்கு நல்ல பேரு பெருசாப் போச்சு."

பியூன் டீயை நீட்டினார். தலைவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"அதையும் குடிக்க மாட்டாருப்பா. கமிட்டி டீ குடிச்சா நேர்மை கெட்டுப் போயிடும்" என்றார் மாப்பிள்ளை.

கதவு திறந்தது. உறுப்பினர் ஒருவர் தலையை நீட்டினார்.

"சார், கடைசியில ஒருத்தர் மனசு மாறிட்டார். குழந்தைங்களுக்குத்தான் முதலிடம்."

"சரி" என்றார் தலைவர். அவ்வளவுதான்.

மாப்பிள்ளை எழுந்தார். கண் கலங்கிவிட்டது.

"அவகிட்ட போய் என்ன சொல்லட்டும்? உன் அண்ணன் ரொம்ப நியாயஸ்தன்னு சொல்லட்டுமா? இனிமே எங்க வீட்டு வாசப்படி ஏறாதீங்க."

அவர் படியிறங்கப் போனபோது ஒரு நர்ஸ் மூச்சு வாங்க எதிரே ஏறி வந்தார். நேராகத் தலைவரிடம் போனார்.

"சார், உங்களை எங்கெல்லாம் தேடறது? வெறும் வயித்தோடதானே இருக்கீங்க? ஊசி போட்டு ஒரு ஸ்கேன், அது ஒண்ணுதான் பாக்கி. உங்க கிட்னி தங்கச்சிக்குப் பொருந்தும்னு ரிசல்ட் வந்துடுச்சு."

மாப்பிள்ளை படியிலேயே நின்றுவிட்டார்.

தலைவர் சட்டைக் கையை மடித்தபடி அவரிடம் வந்தார். முகம் ஏற்கெனவே வெளுத்திருந்தது.

"அந்த வரிசை ஊரோடது, மாப்பிள்ளை. அதுல நான் கை வைக்கக் கூடாது. இது என்னோடது. கூட வாங்க, ஊசி போடும்போது மட்டும் என் கையைப் பிடிச்சுக்குங்க."